ஆளில்லாப் போர்விமானம்: எதைச் சந்தேகிக்க வேண்டும், ஏன்?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பட்டறை நடத்துகிறவர்களிடம் தொழில் நிலவரம் விசாரித்தால், பேச்சு இப்போதெல்லாம் டிரோனில் வந்து நிற்கிறது. 2018 மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. சென்னை, ஓசூர், திருச்சி, சேலம், கோவை ஆகிய ஐந்தும் அதன் முனையங்கள். சூலூரில் விமானப்படைத் தளம் நெடுங்காலமாக இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே வாரப்பட்டியில் பாதுகாப்புத் தொழிற்பூங்காவுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் தன் பங்குக்குப் பாதுகாப்புத் துறைப் புத்தாக்க மையம் ஒன்றை நடத்துகிறது. "இனிமேல் போர் என்றாலே ஆளில்லா விமானம்தான், முந்திக்கொள்ளுங்கள்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள்.

முந்திக்கொள்ளட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் இந்தத் துறையைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் சில கேள்விகள் நம் ஊர் மேடைகளில் எழுவதே இல்லை. அவற்றைக் கேட்டவர்கள் தொழில்நுட்பத்தின் விரோதிகள் அல்லர். விமானிகள், சோதனைப் பொறியாளர்கள், அரசின் கணக்குத் தணிக்கையாளர்கள். வங்கிக் கடனில், கணினி வழியில் இயங்கும் சி.என்.சி. மெஷின் இறக்கப்போகிறவருக்கும், ஏரோநாட்டிக்கல் படிப்பில் பிள்ளையைச் சேர்க்கப்போகிறவருக்கும் அந்தச் சந்தேகங்கள் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆளில்லா விமானம் என்ற ஒரே பெயருக்குள் பல வகை உண்டு. கையில் தூக்கிப் போகக்கூடிய, நான்கு விசிறி கொண்ட சிறியவை ஒரு வகை. இலக்கைத் தேடி வானில் வட்டமிட்டு, கண்டதும் தானே மோதி வெடிப்பவை இன்னொரு வகை. பல ஆயிரம் அடி உயரத்தில் ஒரு நாள் முழுக்கப் பறந்து வேவு பார்க்கும் பெரியவை மூன்றாவது வகை. அமெரிக்காவின் பிரிடேட்டர், ரீப்பர், இஸ்ரேலின் ஹெரான், நம் நாட்டின் தபஸ் எல்லாம் இதில் சேரும். ராடார் கண்ணில் படாமல் பறக்கும் ஜெட் வகையில் நம் நாடு இப்போதுதான் அடியெடுத்து வைத்திருக்கிறது; அதற்கான சோதனை விமானம் 2022 ஜூலையில் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் முதன்முதலாகப் பறந்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆதரிப்பதும் தவறு, எதிர்ப்பதும் தவறு.

சந்தேகக்காரர்கள் எப்போதும் எடுத்துக்காட்டுவது அக்குயிலா என்ற அமெரிக்க விமானத்தின் கதை. 1970களின் நடுவில் அமெரிக்கத் தரைப்படை அதைத் தொடங்கியது. நோக்கம் மிக எளியது: சின்ன விமானம், அதில் ஒரு கேமரா, எதிரி வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பீரங்கிப் படைக்குக் காட்ட வேண்டும். சுமார் 12 கோடி டாலரில் உருவாக்கி முடித்து, 780 விமானங்கள் வாங்குவதாகத் திட்டம். பிறகு ஒவ்வொருவராக வந்து ஒவ்வொன்றைச் சேர்த்தார்கள். இரவிலும் பார்க்க வேண்டும் என்றார்கள். எதிரி அலைவரிசையைக் குழப்பினாலும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்றார்கள். லேசர் கொண்டு இலக்கைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்றார்கள். இத்தனையும் சின்ன உடம்புக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. களச் சோதனையில் 105 முறை பறக்கவிட்டதில், எதிர்பார்த்த பணியை முழுமையாக முடித்தது வெறும் 7 முறை. 1980களின் இறுதியில் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

கெட்டுப்போனது எங்கே என்று பாருங்கள். விமானத்துக்குப் பறக்கத் தெரியாமல் இல்லை. பறந்தது. பறப்பதற்கும் படைக்குப் பயன்படுவதற்கும் நடுவில் கிடக்கும் தூரத்தைத்தான் யாரும் சரியாகக் கணக்கிடவில்லை. இந்தத் துறையைப் பற்றிய சந்தேகத்தின் ஆணிவேர் அதுதான்.

நம் நாட்டு அனுபவமும் வேறல்ல. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கிய நிஷாந்த் விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. லாரியின் மேல் பொருத்திய ஏவுதளத்திலிருந்து உந்தி எறிந்து பறக்கவிடுவார்கள். திரும்பி வந்ததும் பாராசூட்டை விரித்து, காற்றுப் பைகளின்மேல் வந்து விழும். ஓடுபாதை தேவையில்லை என்பது நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு முறை இறங்குவதும் ஒரு கட்டுப்படுத்திய விழுகை என்றால், இயந்திரமும் கேமராவும் எத்தனை விழுகையைத் தாங்கும்? தரைப்படை நான்கு நிஷாந்துகளைப் பெற்றது. நான்கும் நொறுங்கிப்போயின. கடைசி ஒன்று 2015 நவம்பரில் ராஜஸ்தானில் விழுந்த பிறகு, போதும் என்று தரைப்படை விலகிக்கொண்டது.

அதைவிடப் பெரிய முயற்சி தபஸ். 2011இல் 1,500 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கினார்கள். பிறகு அது கூடியது. முதல் பறப்பு 2016 நவம்பரில். படைகள் கேட்டது 30,000 அடி உயரம், 24 மணி நேரம். எடை திட்டமிட்டதைவிடக் கூடிவிட்டது. 2019லும் 2023லும் சித்ரதுர்கா மாவட்டத்து வயல்களில் சோதனை விமானங்கள் விழுந்தன. கடைசியில் எட்டியது சுமார் 28,000 அடி, 18 மணி நேரம். 2024 தொடக்கத்தில் அதை முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிடமிருந்து ரீப்பர் குடும்பத்தைச் சேர்ந்த 31 எம்.க்யூ.-9பி விமானங்கள் வாங்க ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு ஏறக்குறைய 32,000 கோடி ரூபாய்.

28,000 அடி, 18 மணி நேரம் என்பது சின்ன சாதனையா என்று சிலர் ஆத்திரப்படுகிறார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. சாதனைதான். ஆனால் போவதற்கும் வருவதற்கும் ஆகும் நேரம் குறையாது. குறையும் ஆறு மணி நேரமும், போய் நின்று பார்க்கும் வேலையிலிருந்துதான் கழியும். நூற்றுக்கு எழுபத்தைந்து வாங்கினால் தேர்வில் முதல் வகுப்பு கிடைக்கும், எல்லைக் காவலில் கிடைக்காது.

வெளிநாட்டுப் பொருள் என்றால் விழாது என்றும் நினைக்க வேண்டாம். நம் கடற்படை அதே எம்.க்யூ.-9பி வகையில் இரண்டை 2020இலிருந்து குத்தகைக்கு வைத்து, அரக்கோணத்திலிருந்து இயக்கிவந்தது. 2024 செப்டம்பரில் அதில் ஒன்று தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. 2001 முதல் 2013 வரை அமெரிக்கப் படைகளின் பெரிய டிரோன்கள் நானூறுக்கும் மேற்பட்டவை பெரும் விபத்துகளில் சிக்கியதாக வாஷிங்டன் போஸ்ட் நாளேடு ஆவணங்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டது.

ஏன் இப்படி விழுகின்றன? நெடுநேரம் பறக்க வேண்டும் என்றால் இறக்கை நீளமாகவும் மெலிதாகவும் இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், இயந்திரம் எரிபொருளைச் சிக்கனமாகக் குடிக்க வேண்டும். பிரிடேட்டரில் இருந்தது வெறும் 115 குதிரைத்திறன் இயந்திரம். அப்படிப்பட்ட விமானம் அமைதியான வானத்தில் அழகாக மிதக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே குடியிருக்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லடமும் உடுமலையும் காற்றாலைகளால் நிறைந்தது அந்தக் காற்றை நம்பித்தான். ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் காற்றும், இறக்கையில் படியும் உறைபனியும் இந்த விமானங்களுக்கு எமன். தொடக்ககாலப் பிரிடேட்டர்கள் சில உறைபனியாலேயே வீழ்ந்தன.

அடுத்தது ஆட்கணக்கு. விமானத்துக்குள் ஆள் இல்லை என்பதால் ஆட்செலவு மிச்சம் என்று பலரும் எண்ணுகிறார்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கம் கொடிவேரி அணைத் தண்ணீர் பாயும் நெல் வயல்களில் மருந்தடிக்கும் டிரோன் வந்தால் ஒரு நாள் கூடவே நின்று பாருங்கள். பத்து லிட்டர் தொட்டி. ஒரு ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். பார்க்க அற்புதமாக இருக்கும். வரப்பில் நிற்கும் கூட்டத்தை இப்போது எண்ணுங்கள். ரிமோட்டைப் பிடித்திருப்பவர் முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். பக்கத்தில் ஒருவர் மருந்து கலக்குகிறார். இன்னொருவர் சூடேறிய பேட்டரியைக் கழற்றி, வேறொன்றை மாட்டுகிறார். வண்டியில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதில் நாலைந்து பேட்டரி சார்ஜ் ஏறுகிறது. விசிறி ஒன்று தென்னை மட்டையில் உரசி உடைந்தால் அன்றைய வேலை நின்றுபோகிறது.

இதையே போர்விமான அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு பிரிடேட்டரை 24 மணி நேரம் வானில் நிறுத்திவைக்க 168 பேர் தேவை என்று அமெரிக்க விமானப்படையே கணக்குச் சொன்னது. குளோபல் ஹாக் என்ற பெரிய விமானத்துக்கு 300 பேர். விமானி ஏறி ஓட்டும் எஃப்-16 போர்விமானம் ஒருமுறை பறந்து வருவதற்கு நூறு பேருக்கும் குறைவு. ஒன்று ஒரு நாள் முழுக்க நிற்பது, மற்றது சில மணி நேரத்தில் திரும்புவது; அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும், கேமராப் படத்தை இரவுபகலாகப் பார்ப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், செயற்கைக்கோள் தொடர்பைக் கவனிப்பவர்கள் என்று தரையில் பெரும் படையே வேண்டும் என்பது இதில் தெளிவாகிறது. விமானியின் உயிர் மிச்சமாகிறது. அது பெரிய விஷயம், அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. சம்பளப் பட்டியல் மட்டும் மிச்சமாவதில்லை.

இனி, எதிரி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உட்கார்ந்து ஆப்கானிஸ்தானில் விமானம் ஓட்டினார்கள் என்பது எல்லோரும் கேள்விப்பட்டது. கட்டளை செயற்கைக்கோளுக்கு ஏறி, இறங்கி, படம் திரும்பி வருவதற்குள் ஒன்றிரண்டு நொடிகள் கழிந்துவிடும். அதனால்தான் விமானத்தை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஓடுபாதைக்கு அருகிலேயே வேறொரு குழுவை வைத்திருந்தார்கள். மலைமேல் வட்டமிடும்போது இரண்டு நொடித் தாமதத்தால் ஒன்றும் ஆகாது. சுடவரும் ஏவுகணையிலிருந்து தப்ப வேண்டும் என்றால் இரண்டு நொடி உயிர்ப்பிரச்சினை. ஏமனில் ஹூதி கிளர்ச்சிப் படையினர் ரீப்பர்களை அடுத்தடுத்துச் சுட்டு வீழ்த்தினார்கள்; ஒன்றின் விலை சுமார் 3 கோடி டாலர். 2019 ஜூனில் ஈரான் வீழ்த்திய குளோபல் ஹாக் வகை விமானத்தின் விலை பத்துக் கோடி டாலருக்கும் மேல்.

சிறியவற்றுக்கு வேறு ஆபத்து. உக்ரைன் போரில் இரு தரப்பும் அலைவரிசைகளைக் குழப்பும் கருவிகளைப் போர்முனை நெடுகிலும் நிறுத்தின. உக்ரைன் மாதம் ஒன்றுக்குச் சுமார் 10,000 டிரோன்களை இழப்பதாக 2023இல் பிரிட்டனின் ரூசி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அந்தக் குழப்பத்திலிருந்து தப்பத்தான் இப்போது பல கிலோமீட்டர் நீளக் கண்ணாடி இழையை வாலாகக் கட்டிக்கொண்டு பறக்கும் டிரோன்கள் வந்திருக்கின்றன. ரேடியோவே வேண்டாம் என்று நூலுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இத்தனையையும் படித்துவிட்டு, அப்படியானால் இதெல்லாம் வீண் என்று முடிவு கட்டினால் அதுவும் பிசகு. சந்தேகம் சறுக்கிய இடமும் உண்டு. 2001 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு, பிரிடேட்டர் களப்பணிக்கு ஏற்றதல்ல என்று அறிக்கை கொடுத்தது. மழை, உறைபனி, அடிக்கடி வரும் கோளாறு என்று அவர்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் உண்மை. அதே மாதத்தில் ஏவுகணை மாட்டிய பிரிடேட்டர் ஆப்கானிஸ்தான் வானத்தில் பறந்துகொண்டிருந்தது. படைத் தளபதிகள் இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். அங்கே சுட்டு வீழ்த்தப் பெரிய எதிரிப்படை இல்லை, நாள் முழுக்க ஓரிடத்தை விடாமல் பார்க்கும் கண் தேவைப்பட்டது. அந்தப் போருக்கு அது பொருந்தியது. விலை மலிவான சிறிய டிரோன்களைப் பொம்மை என்று ஒதுக்கியவர்களையும் உக்ரைன் திருத்திவிட்டது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது ஒரே இரவில் 36 இடங்களை நோக்கிப் பாகிஸ்தான் 300 முதல் 400 டிரோன்கள் வரை அனுப்பியதாக நம் அரசு சொன்னது. அந்த எண்ணிக்கையைப் பொம்மை என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே, "இது நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்தப் போருக்கு, எந்த வானத்தில், எத்தனை இழந்தால் தாங்கும் என்ற கேள்விகளுக்குத்தான் விடை உண்டு. என்னைக் கேட்டால், மலிவாகவும் ஏராளமாகவும் செய்யக்கூடிய சிறியவற்றின் மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பேன். பெரிய, மெதுவான, விலை உயர்ந்தவற்றின் மேல் உள்ள சந்தேகம் நாளுக்கு நாள் வலுக்கிறது.

தீராத சந்தேகம் ஒன்று இருக்கிறது. அது இயந்திரத்தைப் பற்றியது அல்ல. பார்த்து முடிவெடுப்பதைப் பற்றியது. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க டிரோன்கள் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. காரில் சில கேன்களை ஏற்றுவதைக் கேமராவில் பார்த்தவர்கள் வெடிமருந்து என்று நம்பி ஏவுகணை வீசினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் குழந்தைகள். கார் ஓட்டியவர் ஒரு தொண்டு நிறுவன ஊழியர், கேன்களில் இருந்தது தண்ணீர் என்பது பிறகுதான் வெளிவந்தது. இது கோரமான தவறு என்று மூன்று வாரங்களுக்குள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனே ஒப்புக்கொண்டது. எட்டு மணி நேரம் பார்த்தும் தெரியவில்லையே என்று கேட்டால், வானத்துக் கேமராவில் பார்ப்பது ஊதாங்குழல் வழியாக வீட்டைப் பார்ப்பது போன்றது. வட்டத்துக்குள் இருப்பது துல்லியமாகத் தெரியும், வட்டத்துக்கு வெளியே இருப்பது இல்லவே இல்லை என்று மனம் நம்பிவிடும்.

அங்கே மனிதர்கள் பார்த்தார்கள், மனிதர்கள் முடிவெடுத்தார்கள், பிறகு மனிதர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தொடர்பு அறுந்தாலும் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் கருவிகளை இப்போது உருவாக்குகிறார்கள். அலைவரிசையைக் குழப்பும் போர்க்களத்துக்கு அது தர்க்கரீதியான தீர்வு என்பது உண்மை. ஆனால் அது தவறினால் யார் பொறுப்பு? கட்டளையிட்ட அதிகாரியா, நிரல் எழுதியவரா, படங்களைக் காட்டி அதற்குப் பயிற்சி கொடுத்த நிறுவனமா? 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்தத் தானியங்கி ஆயுதங்களைப் பற்றி உலகம் உடனே பேச வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. வேறு மன்றத்தில் இந்தப் பேச்சு ஏற்கெனவே நடக்கிறது என்பது நம் அரசின் வாதம். எந்த மன்றமானாலும் சரி, அந்தப் பேச்சை நாமும் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தக் கருவிகளின் பாகங்கள் நம் ஊர் லேத்தில் கடையப்படப்போகின்றன.

பாகங்கள் என்றதும் மோட்டாருக்கு வருகிறேன். கோவைக்காரர்களுக்கு மோட்டார் கைவந்த கலை. கிணற்று பம்புக்கு நாம் செய்யும் மோட்டாரில் காந்தமே கிடையாது. ஸ்டாம்பிங் தகடுகளை அடுக்கி ஸ்டேட்டர் என்ற அசையாத பகுதி, அதில் செம்புக் கம்பி வைண்டிங், நடுவில் சுழலும் ரோட்டார். மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் தானே உண்டாகிறது. டிரோன் மோட்டார் வேறு பிறவி. உள்ளங்கையில் அடங்கும். நடுவில் இருக்கும் வைண்டிங் அசையாது. அதைச் சுற்றியிருக்கும் கிண்ணம்தான் சுழலும். கிண்ணத்தின் உட்சுவரில் நகத்தளவு காந்தத் துண்டுகளைப் பசை போட்டு வரிசையாக ஒட்டியிருப்பார்கள். பம்பு மோட்டாரில் சுமார் அரை மில்லிமீட்டர் தகடு என்றால், இதில் 0.2 மில்லிமீட்டர். கிண்ணத்தைக் கடைவதும், தகடு அடிப்பதும், கம்பி சுற்றுவதும், பேலன்ஸ் பார்ப்பதும் நம்மால் முடியும். அந்த நகத்தளவு துண்டுதான் முடியாது. அது நியோடிமியம் காந்தம். உலகில் செய்யப்படுவதில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில். மோட்டார் சூடேறினாலும் காந்தத்தின் சக்தி இறங்காமல் இருக்க அதில் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தை 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, உலகெங்கும் வாகன ஆலைகள் தடுமாறின.

இந்தியா 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே பாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டு, உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெயரில் விற்றவையும் உண்டு. 2025 பிப்ரவரியில் தரைப்படைக்கான 400 டிரோன்களின் ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. காரணம், உள்ளே இருந்த சீன மின்னணுப் பாகங்கள். எதிரி நாட்டுப் பாகத்தில் ரகசிய வழி ஏதாவது இருந்தால் படையின் இருப்பிடமே தெரிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதே நேரம், ஒப்பந்தம் ரத்தானால் அந்த அதிர்ச்சி மேலே ஒப்பந்தம் போட்டவரோடு நிற்காது. டை என்ற அச்சு அடித்துக் கொடுத்தவர், கார்பன் ஃபைபர் வெட்டிக் கொடுத்தவர், அலுமினியத்துக்கு ஆனோடைசிங் மேற்பூச்சு போட்டுக் கொடுத்தவர் என்று குறிச்சி சிட்கோ வரைக்கும் இறங்கும்.

எனவே டிரோன் பாகத்துக்கு ஜாப் ஆர்டர் கேட்டு யாராவது வரைபடத்தோடு வந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள். படை இன்னும் சோதனை பார்க்கிறதா, வாங்க ஒப்பந்தமே போட்டுவிட்டதா? மோட்டார், காந்தம், பேட்டரி செல், கட்டுப்பாட்டுப் பலகை எந்த நாட்டுச் சரக்கு, அதற்கு எழுத்தில் சான்று இருக்கிறதா? வரைபடம் நடுவில் மாறினால் டையின் செலவை யார் ஏற்பது? பாதியில் நின்றால் கையிருப்புச் சரக்கை எடுத்துக்கொள்வார்களா? பறந்த வீடியோவைக் காட்டினால் பார்த்துவிட்டு, எத்தனை மணி நேரம், என்ன வெயிலில், என்ன காற்றில் பறந்தது, எத்தனை விழுந்தது என்ற பதிவேட்டையும் கேளுங்கள். அப்படி ஒரு பதிவேடே இல்லை என்றால் முன்பணம் முழுதாகக் கைக்கு வரும்வரை மெஷினுக்குக் கடன் வாங்காதீர்கள்.